அப்பா விட்டுச்சென்ற வீட்டுக்கு எந்த விலையை வைத்துப் பங்கு பிரிப்பது?

கேள்வி: தேவிபட்டினத்தில் அப்பா தன் சம்பாத்தியத்தில் மனை வாங்கி, 1985-ல் கட்டிய வீடு. உயில் எழுதாமல் தவறிவிட்டார். அண்ணன் வீட்டை வைத்துக்கொண்டு, அக்கா, நான், தம்பி மூவருக்கும் பணம் தருவதாகப் பேச்சு. வழிகாட்டி மதிப்புப்படி தருகிறேன் என்கிறார். புரோக்கரோ 60 லட்சம் போகும் என்கிறார். எதை எடுத்துக்கொள்வது? அம்மா எங்களோடுதான் இருக்கிறார்.

பதில்: இரண்டையுமே வேண்டாம், சகோதரி. வழிகாட்டி மதிப்பு, பதிவுத்துறை முத்திரைத் தீர்வை வாங்குவதற்காக வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கும் நாளில் அது தேவைப்படும். அதை வைத்துப் பங்குப் பணம் பிரித்தால், பெரும்பாலும் வெளியேறுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். புரோக்கர் சொல்வது, விற்கிறவர் கேட்கும் விலை. வாங்கியவர் கொடுத்த விலை வேறு.

அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை எல்லோரும் சேர்ந்தே அமர்த்துங்கள், கட்டணத்தையும் பகிர்ந்துகொள்ளுங்கள். அண்ணன் மட்டும் கூட்டிவந்தால், எவ்வளவு நேர்மையான அறிக்கையாக இருந்தாலும் அக்காவுக்கு நம்பிக்கை வராது.

மதிப்பீட்டாளர் மனையையும் கட்டடத்தையும் தனித்தனியாகக் கணக்கிடுவார். மனைக்கு, பக்கத்தில் அண்மையில் கைமாறிய இடங்களின் விலையை விசாரிப்பார். கட்டடத்துக்கு, இன்று அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவில் தேய்மானத்தைக் கழிப்பார். கான்கிரீட் வீட்டுக்கு 60 வருட ஆயுள், கடைசியில் 10 சதவீதம் மிச்சம் என்பது வழக்கமான கணக்கு. 40 வருட வீடென்றால் 60 சதவீதம் கழிந்துவிடும். இன்று கட்ட 20 லட்சம் ஆகும் வீடு, 8 லட்சத்தில் நிற்கும்.

நம் கடற்கரையில் அதுவும் அதிகமாக இருக்கலாம். தொண்டிப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன். புதுப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சிறு சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனபோது ‘டக் டக்’ என்று வந்த சத்தம் அடுக்களைக்கு மேலே ‘தொம்’ என்று மாறியது. பூச்சைக் கொஞ்சம் பெயர்த்தால் உள்ளே கம்பி செதில் செதிலாக உதிர்கிறது. உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்து உப்பும். உப்பிய கம்பி கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். கடலைப் பார்த்த சன்ஷேடில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். தட்டிப் பார்க்காமல் போட்டோ மட்டும் எடுத்துப் போகிறவரின் அறிக்கையை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடல் ஓதம் ஏறும் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு இருக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அங்கே இடித்துக் கட்டக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே நிற்கலாம். வாங்குகிறவர் அதையும் கணக்கில் வைத்துத்தான் விலை பேசுவார்.

அப்பா இறந்த நாளின் மதிப்பு வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். இறந்தவர் சொத்துக்கான வரி நம் நாட்டில் 1985-லேயே போய்விட்டது. பங்கு பிரிக்கும் நாளின் மதிப்பு போதும். ஆனால் அதே மதிப்பீட்டாளரிடம் 2001 ஏப்ரல் 1-ஆம் தேதி மதிப்பையும் எழுதி வாங்கிவிடுங்கள். அதற்கு முன் வாங்கிய சொத்தைப் பின்னால் விற்றால், விற்ற லாபத்துக்குப் போடும் மூலதன ஆதாய வரிக்கு அந்த மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். பழைய பத்திரம், வரி ரசீது எல்லாம் கையில் இருக்கும்போதே செய்துவிட்டால் பிறகு அலைய வேண்டாம்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் நால்வரைத்தான் பங்காளிகளாக எண்ணியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. பாட்டி இல்லையென்றால் ஐந்து பங்கு. ஒரு பேச்சுக்கு, வீடு 40 லட்சம் என்று வந்தால் ஆளுக்கு 8 லட்சம். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயர் இருக்கிறதா பாருங்கள். அவர் பங்கைப் பணமாக வாங்கினாலும், விட்டுக்கொடுத்தாலும், கடைசிவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்.