கோப்பு அங்கேதான் இருக்கிறது, போகும் வழிதான் அடைத்திருக்கிறது

கேள்வி: லாராவெல் என்ற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய ஒரு சின்ன பில்லிங் ஆப்பை உபுண்டு 22.04 சர்வரில் ஏற்றினேன். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பிஎச்பி கோடை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் பிரவுசரில் திறந்தால் வெள்ளைப் பக்கத்தில் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று மட்டும் வருகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் கோப்பு அப்படியே இருக்கிறது. ப்ராஜெக்ட் என் ஹோம் டைரக்டரிக்குள் இருக்கிறது. ப்ராஜெக்ட் முழுவதற்கும் 777, அதாவது எல்லாருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: 777 கொடுத்தும் திறக்கவில்லை என்பதே நல்ல துப்பு. தடை ப்ராஜெக்டுக்குள் இல்லை, அதற்கு மேலே எங்கோ இருக்கிறது.

முதலில் என்ஜின்எக்ஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் எரர் லாகைப் பாருங்கள். ‘ப்ரைமரி ஸ்கிரிப்ட் அன்னோன்’ (ஓட்ட வேண்டிய கோப்பு தெரியவில்லை) என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் கான்ஃபிக்கில் பாதையை மாற்றி மாற்றி எழுதி ஒரு நாளைத் தொலைப்பார்கள். அதன் பக்கத்திலேயே ‘ஸ்டாட் ஃபெயில்டு’ என்ற வரியில் அடைப்புக்குறிக்குள் 13 என்று இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் பிழை எண் 2 என்றால் கோப்பு இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை. பிரவுசர் சொல்வதை நம்ப வேண்டாம். இதே கோளாறு வெறும் எச்டிஎம்எல் தளத்தில் 403 (அனுமதி மறுப்பு) என்று வரும். எதைக் கேட்டாலும் இண்டெக்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிடும் ரியாக்ட் தளத்தில், என்ஜின்எக்ஸ் தன்னையே சுற்றிச் சுற்றி வந்து 500 (சர்வர் கோளாறு) காட்டும். உங்களுக்கு 404 ஆக, அதாவது ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அனுமதி யாருக்கு இல்லை? உங்களுக்கு எல்லாம் இருக்கிறது, அதனால்தான் எல்எஸ் வேலை செய்கிறது. ஆனால் ஆப்பை ஓட்டுவது நீங்கள் அல்ல. உபுண்டுவில் என்ஜின்எக்ஸும் பிஎச்பியும் ‘டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா’ என்ற பயனரின் பெயரில் ஓடுகின்றன. இனி அவரை வெப் யூசர் என்போம். ஒரு கோப்பைத் தொட அவர் ஹோம், அதற்குள் உங்கள் டைரக்டரி, அதற்குள் ப்ராஜெக்ட், அப்புறம் பப்ளிக் என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டி வர வேண்டும். டைரக்டரிக்கு எக்ஸ் பிட் என்பது ‘ஓட்டலாம்’ என்பதல்ல, ‘கடந்து போகலாம்’ என்பது. நடுவில் ஒரு வாசலில் அது இல்லாவிட்டால், உள்ளே 777 இருந்து என்ன, 7777 இருந்து என்ன?

உபுண்டு 21.04 வெளியீட்டிலிருந்து புதிதாக உருவாகும் ஹோம் டைரக்டரிகளுக்கு 750தான் இயல்பான அனுமதி, அதில் மற்றவர்களுக்கு வழியே இல்லை. அதற்கு முன்பு 755, அதில் மற்றவர்களும் கடந்து போகலாம். பழைய வழிகாட்டிகளைப் பார்த்துச் செய்பவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். உறுதி செய்துகொள்ள ‘நேம்ஐ’ என்ற கட்டளைக்கு ‘எல்’ ஆப்ஷன் கொடுத்து, முழுப் பாதையையும் தாருங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியின் உரிமையாளரும் அனுமதியும் வரிவரியாக வரும். உங்கள் பெயருள்ள வரியில் கடைசி மூன்று இடங்களும் வெறும் கோடாக இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார்.

ஹோமுக்கு 711, அதாவது மற்றவர்களுக்குக் கடக்க மட்டும் அனுமதி, கொடுத்தால் பக்கம் திறந்துவிடும். ஆனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஹோம் உங்கள் வீடு, கடையை அங்கே விரிக்க வேண்டாம். ப்ராஜெக்டை ரூட்டுக்கு அடியில் உள்ள ‘எஸ்ஆர்வி’ டைரக்டரிக்கு மாற்றி, என்ஜின்எக்ஸில் பாதையைத் திருத்தி, ரீலோட் செய்யுங்கள். லாராவெல் தன் கான்ஃபிக் கேஷில் பழைய பாதையை வைத்திருக்கும், அதையும் கிளியர் செய்யுங்கள். ஸ்டோரேஜில் உள்ள கோப்புகளைப் பப்ளிக்கில் காட்டும் ஸ்டோரேஜ் லிங்க் போட்டிருந்தால் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.

சரி, அந்த 777ஐ என்ன செய்வது? அப்படியே விட்டால் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள டாட் என்வ் கோப்பை சர்வரில் உள்ள எந்தப் பயனரும் படிக்கலாம். அப்லோட் வழியாக யாராவது நுழைந்தால் உங்கள் கோடையே மாற்றி எழுதலாம். நான் ஒருமுறை அவசரத்தில் ஹோம் முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டேன். அடுத்த முறை லாகின் செய்யப் போனால் சர்வர் என் சாவியை ஏற்கவில்லை. மற்றவர்கள் எழுதக்கூடிய ஹோமில் இருக்கும் சாவியை, லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எச் நம்பாது!

கோடின் உரிமையாளர் நீங்கள், குரூப் வெப் யூசருடையது என்று, உரிமையை மாற்றும் சிஎச்ஓன் கட்டளை மூலம் மாற்றுங்கள். டைரக்டரிகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 போதும். இதற்குப் பலர், அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையில் பெரிய எக்ஸ் (டைரக்டரிகளுக்கும் ஏற்கெனவே எக்ஸ் உள்ள கோப்புகளுக்கும் மட்டும் எக்ஸ் தருவது) போடச் சொல்வார்கள். 777க்குப் பிறகு அது உதவாது, ஏற்கெனவே எக்ஸ் உள்ள கோப்பை அது அப்படியே விட்டுவிடும். ஃபைண்ட் கட்டளையால் கோப்பு வேறு, டைரக்டரி வேறு என்று பிரித்தே கொடுங்கள். ஸ்டோரேஜ், பூட்ஸ்ட்ராப்புக்குள் இருக்கும் கேஷ், இந்த இரண்டில் மட்டும் வெப் யூசர் எழுத வேண்டும். அவற்றில் உள்ள டைரக்டரிகளுக்கு 2770, கோப்புகளுக்கு 660. அந்த 2 இருந்தால் உள்ளே புதிதாகப் பிறக்கும் கோப்புகளுக்கும் அதே குரூப் வந்துவிடும்.

இதன் பிறகு பக்கம் திறக்கும். சில நாள் கழித்து திடீரென்று 500 வரும், லாக் கோப்பில் எழுத முடியவில்லை என்று. யாரோ சூடோ போட்டு, அதாவது ரூட் அதிகாரத்தோடு, லாராவெல்லின் கட்டளைக் கருவியான ஆர்ட்டிசனை ஓட்டியிருப்பார்கள், அன்றைய லாக் கோப்பு ரூட்டின் பெயரில் பிறந்திருக்கும். ஆர்ட்டிசன் கட்டளைகளையும், நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானையும் வெப் யூசரின் பெயரிலேயே ஓட்டினால் இது வராது.

அல்மா, ராக்கி போன்ற லினக்ஸ்களில் எல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால் அது பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவல். ஹோமிலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்திய கோப்புகள் அது ஒட்டிய பழைய லேபிளோடு வந்திருக்கும், லேபிளைச் சரிசெய்யும் ரெஸ்டோர்கானை முதலில் ஓட்டிப் பாருங்கள். எஸ்இலினக்ஸை அணைத்து வைக்காதீர்கள்.

அப்படியும் திறக்காவிட்டால், நேம்ஐ தந்த வரிகளையும் எரர் லாகின் கடைசிப் பத்து வரிகளையும் அனுப்புங்கள். டாட் என்வ் மட்டும் வேண்டாம்.