கடைசி நிமிட குவார்ட்டர்பேக்: திறமையா, அதிர்ஷ்டமா?

கேள்வி: அமெரிக்க ஃபுட்பாலில் சில குவார்ட்டர்பேக்குகளை 'கிளட்ச்' ஆட்டக்காரர் என்கிறார்கள். கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுப்பது தனித் திறமையா, அதிர்ஷ்டமா?

பெரும்பகுதி அதிர்ஷ்டம் என்பதுதான் என் பதில். கொஞ்சம் திறமையும் இருக்கிறது, ஆனால் டிவியில் சொல்கிற அளவுக்கு இல்லை. மினசோட்டாவில் குடியிருக்கிறேன், எங்கள் ஊர் அணியான வைக்கிங்ஸின் ரசிகன். 2022 சீசனை ஒரு ஆட்டம் விடாமல் பார்த்தவன் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: பந்தை வாங்கி, இரண்டு மூன்று நொடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர்தான் குவார்ட்டர்பேக். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. அதற்குள் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அந்த வருடம் எங்கள் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ். பெரிய ஆட்டம் என்றால் சொதப்புவார் என்று பல வருடமாக அவருக்கு ஒரு கெட்ட பெயர். அதே ஆள் அந்த ஒரே சீசனில் எட்டு முறை நான்காம் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், பின்தங்கியிருந்து ஜெயித்தார். 2016-இல் மேத்யூ ஸ்டாஃபோர்ட் வைத்த சாதனைக்கு அது சமம். எட்டு புள்ளி அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த 11 ஆட்டங்களில் பதினொன்றையும் வைக்கிங்ஸ் ஜெயித்தது. 13 வெற்றி, 4 தோல்வி.

இப்போது உள்ளே போய்ப் பாருங்கள். லண்டனில் செயின்ட்ஸ் அணியை 28-25 என்று ஜெயித்தோம். கடைசியில் அவர்கள் உதைத்த 61 யார்டு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) பக்கவாட்டுக் கம்பத்தில் பட்டு, குறுக்குக் கம்பியிலும் பட்டு வெளியே விழுந்தது. அரை அடி உள்ளே பட்டிருந்தால் ஆட்டம் சமன். அப்போது கசின்ஸ் மைதானத்துக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பரில் பஃபலோ பில்ஸோடு நடந்த ஆட்டத்தை நான் இருபது முறையாவது திரும்பப் பார்த்திருப்பேன். நான்காவது வாய்ப்பு, 18 யார்டு வேண்டும். கசின்ஸ் பந்தை உயரத் தூக்கி எறிகிறார். பில்ஸ் தடுப்பாளரின் இரண்டு கையும் பந்தின் மேல் இருக்கிறது. எங்கள் ஜஸ்டின் ஜெஃபர்சன் பின்னால் சாய்ந்து, ஒற்றைக் கையால் அதைப் பிடுங்கிக்கொண்டு விழுகிறார். 32 யார்டு. அதற்குப் பிறகும் கோல் கோட்டுக்கு அங்குலக் கணக்கில் முன்னால் கசின்ஸைத் தடுத்து நிறுத்திவிட்டார்கள். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். அடுத்த பந்திலேயே பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் கைக்கு வந்த பந்தை நழுவவிட, எங்கள் எரிக் கெண்ட்ரிக்ஸ் கோல் கோட்டுக்கு அப்பால் அதன்மேல் விழுந்து டச்டவுன் (ஆறு புள்ளி) ஆக்கினார். பில்ஸ் சமன் செய்ய, கூடுதல் நேரமான ஓவர்டைமில் 33-30 என்று ஜெயித்தோம். அந்த வெற்றியும் கசின்ஸின் பெயரில்தான் சேர்ந்தது. ஆலனுக்கு அன்று நெஞ்சுரம் இல்லாமல் போய்விட்டதா? பந்து ஈரமோ, விரல் சரியாகப் படவில்லையோ, யாருக்குத் தெரியும்.

டிசம்பர் 17, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸோடு ஆட்டம். பாதி ஆட்டத்தில் 33-0 என்று நாங்கள் பின்தங்கியிருந்தோம். "வேணாம்பா, ஆஃப் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு என் பையன் ஷூ மாட்டிக்கொண்டு பனி அள்ளப் போய்விட்டான். திரும்பி வந்தபோது அவன் கையுறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 36-36 என்று ஸ்கோரைப் பார்த்தவன் அப்படியே கம்பளத்தில் உட்கார்ந்துவிட்டான். 39-36 என்று ஜெயித்தோம். அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சி அது.

அன்று எதிரணி குவார்ட்டர்பேக் யார் தெரியுமா? மேட் ரயன். 2017 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அட்லாண்டா 28-3 என்று முன்னிலையில் இருந்து பேட்ரியட்ஸிடம் தோற்றதே, அப்போதும் அவர்தான். சூப்பர் பவுலின் மிகப் பெரிய மீட்சி, லீகின் மிகப் பெரிய மீட்சி, இரண்டிலும் தோற்ற பக்கம் நின்றவர் ஒரே மனிதர். பதற்றமே இல்லாதவர் என்பதால் கல்லூரிக் காலத்திலேயே 'மேட்டி ஐஸ்' என்று பெயர் வாங்கியவர். அந்த சூப்பர் பவுலில் அவர் எறிந்தது 23, சேர்ந்தது 17, 284 யார்டு, இரண்டு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன்கூட (எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடுவது) இல்லை. பந்தை இழந்த அந்த ஒரு முறை, பாய்ந்து வந்தவரைத் தடுக்க வேண்டிய சக ஆட்டக்காரர் தவறவிட்டார். ஃபீல்ட் கோல் எல்லைக்குள் நின்றபோது ஓடி நேரத்தைக் கரைக்காமல் எறியச் சொன்னது பயிற்சியாளர்கள். அங்கே பந்தை வெளியே வீசாமல் சாக் ஆனது (பந்தோடு வீழ்த்தப்பட்டது) ரயனின் தவறு, அதை மறுக்கவில்லை. ஓவர்டைமில் டாஸ் பேட்ரியட்ஸுக்கு விழுந்தது. நேரே போய் டச்டவுன் போட்டார்கள், அதோடு ஆட்டம் முடிந்தது. ரயன் கைக்குப் பந்து வரவே இல்லை. இவரைப் போய் 'அழுத்தம் தாங்காதவர்' என்று ஒருவர் எழுதும்போது எனக்கு நிஜமாகவே கோபம் வரும்.

அப்படியானால் திறமை எங்கே இருக்கிறது? 2002 பிப்ரவரி சூப்பர் பவுலில் பேட்ரியட்ஸின் டாம் பிரேடி ஆடிய கடைசி டிரைவில் (பந்தைக் கையில் வைத்து முன்னேறும் ஒரு தொடரில்) இருக்கிறது. 17-17, சொந்த 17 யார்டு கோட்டில் பந்து, மீதி 1 நிமிடம் 21 நொடி, கடிகாரத்தை நிறுத்தக் கேட்கும் டைம்அவுட் ஒன்றுகூட இல்லை. முதலில் சின்னச் சின்ன எறிதல்கள், எல்லாம் ஜே.ஆர். ரெட்மண்டுக்கு. ஒரு முறை யாரும் சரியாக நிற்காதபோது பந்தை வெளியே வீசினார். பிறகுதான் ட்ராய் பிரவுனுக்கு 23 யார்டு. ஏழு நொடி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினார். கடிகாரத்தை இப்படிக் கையாள்வது பழகி வருகிற திறமை. ஆனாலும் 48 யார்டிலிருந்து உதைத்து ஜெயித்துக் கொடுத்தது ஆடம் வினடியேரியின் கால். அது கம்பத்தில் பட்டு வெளியே போயிருந்தால் பிரேடியின் அதே டிரைவை இன்று எத்தனை பேர் நினைவு வைத்திருப்பார்கள்?

இன்னொன்று. பதற்றம் சிலரை உடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி உடைபவர்கள் உயர்நிலைப்பள்ளியிலேயே, கல்லூரியிலேயே வடிகட்டப்பட்டுவிடுவார்கள். 32 அணிகளில் எஞ்சி நிற்கிறவர்கள் எல்லோருமே தாங்கக்கூடியவர்கள். அவர்களுக்குள் மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, ஒரு சீசனுக்கு ஏழெட்டு நெருக்கடி டிரைவ் போதவே போதாது. ஏழெட்டு முறை காசைச் சுண்டினாலும் சில நேரம் ஆறு தலை விழத்தான் செய்யும்.

எங்கள் அணிக்கு நடந்ததும் அதுதான். 13 ஆட்டம் ஜெயித்த அந்த சீசனில் வைக்கிங்ஸ் எடுத்த புள்ளி 424, கொடுத்தது 427. அடுத்த வருடம் அதே கசின்ஸ், அதே ஜெஃபர்சன். முதல் மூன்று ஆட்டமும் நெருக்கமானவை, மூன்றிலும் தோல்வி. ஒரு கோடைக்குள் அவருடைய துணிச்சல் எங்கே போயிருக்கும்?

அதற்கு முன், 2022 சீசனின் முடிவில், 2023 ஜனவரி பிளேஆஃப் எனும் நாக்அவுட் ஆட்டத்தில் ஜயண்ட்ஸிடம் 31-24 என்று தோற்றபோது கசின்ஸின் கடைசி எறிதல் பெரிய கேலியானது. நான்காவது வாய்ப்பு, எட்டு யார்டு வேண்டும். மூன்று யார்டில் நின்ற எங்கள் ஹாக்கன்சனுக்கு எறிந்தார், அங்கேயே பிடித்துவிட்டார்கள். அன்று 39-இல் 31 சேர்த்தவர், இன்டர்செப்ஷன் கிடையாது. பையன் அழுகிற நிலையில் கேட்டான்: "எட்டு யார்டு வேணும்னு அவருக்குத் தெரியாதாப்பா?" மறுநாள் மாலை லேப்டாப்பில் அந்த ஒரு பந்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டேன். மூன்றாவது முறை அவனே நிறுத்தினான். 97-ஆம் எண் சட்டை போட்ட ஜயண்ட்ஸின் டெக்ஸ்டர் லாரன்ஸ் நடுவில் தள்ளிக்கொண்டு கசின்ஸ் மேல் வந்துகொண்டிருந்தார். திரையில் விரலை வைத்து, "இந்த 97 வந்துட்டாம்பா. இப்ப எறியலன்னா கீழ விழுந்துருவாரு" என்றான்.