அத்தையின் முழங்காலும் கூழாங்கல் கடற்கரையும்

கேள்வி: நாங்கள் மியூனிக்கில் இருக்கிறோம். ஊரிலிருந்து அத்தையும் மாமாவும் வந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு வயது ஒன்பது, நான்கு. கோடை விடுமுறையில் ஒரு வாரம் எல்லோருமாகக் குரோவேஷியா கடற்கரைக்குப் போகலாம் என்கிறார் கணவர். ஸ்லாத்னி ராட் கடற்கரையின் படத்தைப் பார்த்ததிலிருந்து, அங்கேதான் தங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆனால் அந்தப் பக்கம் மணலே கிடையாது, எல்லாம் கூழாங்கல் என்று தோழி பயமுறுத்துகிறாள். அத்தைக்கு முழங்கால் வலி. சுத்த சைவம் வேறு. சின்னவனுக்கு நீச்சல் தெரியாது. பேசாமல் இத்தாலிப் பக்கம் மணல் கடற்கரைக்கே போய்விடலாமா?
— ஒரு வாசகி, மியூனிக்

பதில்: குரோவேஷியாவுக்கே போங்கள் சகோதரி. ஆனால் ஸ்லாத்னி ராட்டில் தங்க வேண்டாம். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் தோழி சொன்னது பெரும்பாலும் உண்மைதான். அட்ரியாட்டிக் கடலுக்கு இரண்டு கரை, இரண்டும் இரண்டு மாதிரி. இத்தாலியின் வடபகுதியில் போ முதலிய ஆறுகள் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வண்டலையும் மணலையும் அள்ளி வந்து கடலில் சேர்க்கின்றன. அதனால் பிபியோனே, லின்யானோ, ரிமினி என்று நீளநீளமான மணல் கரைகள். உள்ளே வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. குரோவேஷியக் கரையோ சுண்ணாம்புப் பாறை. பெய்கிற மழை பாறை இடுக்குகளில் இறங்கி நிலத்தடியிலேயே ஓடிவிடுகிறது. மணல் சுமந்து வருகிற ஆறுகள் குறைவு. உடைந்த பாறைத் துண்டுகளை அலை உருட்டி உருட்டிக் கூழாங்கல்லாக்கி வைத்திருக்கிறது. கலங்குவதற்கு மண் இல்லாததால்தான் அங்கே தண்ணீர் அவ்வளவு தெளிவு. கழுத்தளவு ஆழத்தில் நின்றாலும் உங்கள் கால் விரல்களை எண்ணலாம்.

சின்னவன் ஒருவனை மட்டும் நினைத்து முடிவெடுப்பதானால் பிபியோனே என்றுதான் சொல்வேன். மியூனிக்கிலிருந்து தூரமும் ஏறக்குறைய பாதிதான். ஆனால் உங்கள் அத்தைக்கு அது நல்ல இடமில்லை. கரை மிக அகலம். காலை உள்ளே இழுக்கும் மணலில் நெடுந்தூரம் நடந்தால்தான் தண்ணீர் வரும். முழங்கால் வலிக்காரருக்கு அது எவ்வளவு சிரமம் என்று மெரினாவில் சாலையிலிருந்து அலை வரை நடந்தவர்களுக்குத் தெரியும். குரோவேஷியாவில் பைன் மர நிழலுக்கும் கடலுக்கும் நடுவே சில அடிகள்தான். சிரமம் முழுவதும் அந்தச் சில அடிகளில்தான் இருக்கிறது. அதை எப்படிக் கடப்பது என்று வீட்டிலேயே யோசித்துவிட்டுப் போனால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

இடம் எது? ஸ்பிளிட் நகரத்துக்குத் தெற்கே, 1,762 மீட்டர் உயரமுள்ள பியோகோவோ மலையின் காலடியில், பிரேலா, பாஷ்கா வோடா, மகார்ஸ்கா, துச்செப்பி என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றன. பிரேலாவின் புந்தா ராட்டா கடற்கரை மிக அழகானது. கடலுக்குள் ஒரு பாறை, அதன் உச்சியில் பைன் மரங்கள் என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அங்கேதான் இருக்கிறது. ஆனால் பிரேலா சரிவில் ஏறி நிற்கிற ஊர். கடலைப் பார்த்த மாடம் என்று விளம்பரத்தில் போடுகிற வீடுகள் பல, கரையிலிருந்து படிப்படியாக ஏறிப் போக வேண்டியவை. அதனால் நீங்கள் பாஷ்கா வோடாவில் தங்குங்கள். கடலோர நடைபாதை சமதளம். கடை, பேக்கரி, ஐஸ்கிரீம் எல்லாம் அந்த நடைபாதையிலேயே இருக்கின்றன. அங்கிருந்து பிரேலாவுக்குக் கடலை ஒட்டியே மர நிழலில் நடந்து போகலாம். மாமாவுக்குக் காலை நடைக்கு அதைவிட நல்ல வழி கிடைக்காது.

வீடு பதிவு செய்வதற்கு முன் உரிமையாளருக்கு ஒரு கேள்வி எழுதிக் கேளுங்கள்: வாசலிலிருந்து கடற்கரை வரை எத்தனை படி? "கடற்கரைக்கு 150 மீட்டர்" என்ற வரியை நம்பி விடாதீர்கள். அந்த 150 மீட்டரும் செங்குத்தாக இருக்கலாம். தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, ஏ.சி. உண்டா, அடுப்பு என்ன அடுப்பு என்பதையும் அதே கடிதத்தில் கேட்டு விடுங்கள். அடுப்பு தெரிந்தால்தான் எந்தக் குக்கரைத் தூக்கிப் போவது என்று முடிவு செய்ய முடியும்.

ஜூலை, ஆகஸ்ட்டில் கூட்டமும் வெயிலும் விலையும் உச்சத்தில் இருக்கும். பவேரியாவில் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீள்கிறது. ஜெர்மனியின் மற்ற மாநிலங்கள் பலவற்றில் அதற்குள் பள்ளி திறந்துவிடும். இந்த வசதியை விட்டுவிடாதீர்கள். செப்டம்பர் முதல் வாரம் போனால் கூட்டம் குறைந்திருக்கும், ஆனால் கோடை முழுக்கச் சூடேறிய கடல் ஆறியிருக்காது. தண்ணீர் 23, 24 டிகிரி இருக்கும். ஊர்க் கடலுக்குப் பழகிய அத்தைக்கும் மாமாவுக்கும் அந்தச் சூடு முக்கியம்.

இனி அந்தச் சில அடிகள். ஆறு பேருக்கும் வாட்டர் ஷூ வாங்குங்கள், வாங்குவதை மியூனிக்கிலேயே வாங்குங்கள். அடிப்பாகம் தடிமனாக, குதிகால் மூடியதாக இருக்கட்டும். கடையில் போட்டுப் பார்க்கும்போது சற்று இறுக்கமாகத் தோன்றுவதே சரியான அளவு, தண்ணீரில் நனைந்தால் தளரும். ரப்பர் செருப்பு வேண்டாம். கல்லுக்கு நடுவில் கழன்று அத்தையை விழத் தட்டிவிடும். கல்லின் மேல் துண்டு விரித்துப் படுக்க முடியாது, முதுகு வலிக்கும். யோகா பாய் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். பெரியவர்களுக்குக் கைப்பிடி வைத்த, உயரமான மடக்கு நாற்காலி இரண்டு வேண்டும். கடற்கரைக்கென்று விற்கிற தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க மாட்டார்.

அத்தை தண்ணீருக்குள் இறங்கும்போது ஒருவர் அவருக்கு முன்னால், கடலுக்கு முதுகு காட்டி, இரண்டு கையையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரக்கல் சரியும் அந்த விளிம்பில்தான் பலரும் தடுமாறுவார்கள். முழங்கால் அளவு வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிடச் சொல்லுங்கள். சில ஊர்களில் படியும் கைப்பிடியும் வைத்த சிமெண்ட் மேடை கடலுக்குள் இறங்கும். கண்ணில் பட்டால் அதுதான் அவருக்கு ராஜபாட்டை. ஒன்றை நம்பலாம்: நம் ஊர் அலை அங்கே இல்லை. கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கமும் சொற்பம். காலையில் கடல் குளம் மாதிரி கிடக்கும். வங்கக் கடலைவிட உப்பு அதிகம், ஒரு கிலோ தண்ணீரில் 38 கிராம் அளவுக்கு. அதனால் உடம்பு எளிதாக மிதக்கும். மார்பளவு தண்ணீரில் நின்றால் முழங்காலின் மேல் எடையே தெரியாது. அத்தை கரையில் உட்கார்ந்து பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்பார். விடாதீர்கள். புடவையோ சுடிதாரோ நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றும், அதோடு இறங்கக் கூடாது. முழுக்கை நீச்சல் டீ-ஷர்ட்டும் கணுக்கால் வரை லெகிங்ஸும் வாங்கிக் கொடுங்கள். வெயிலுக்கும் அதுதான் நல்லது.

இதோடு சேர்த்து ஒன்று: உடையில்லாமல் குளிக்கிற இடத்தைக் காட்டும் எஃப்.கே.கே. என்ற பலகை மியூனிக்வாசியான உங்களுக்குப் பழகியிருக்கும். அங்கேயும் அப்படிக் கரைகள் உண்டு; மகார்ஸ்காவுக்கும் துச்செப்பிக்கும் நடுவே உள்ள நுகால் அப்படிப்பட்டது. பொதுக் கரையிலும் சிலர் குறைந்த உடையில் இருப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களிடம் கிளம்பும் முன்பே சாதாரணமாகச் சொல்லி வைத்துவிட்டால் அங்கே போய்ச் சங்கடம் வராது.

பிள்ளைகள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கூழாங்கல் கரை சட்டென்று சரியும். உங்களுக்கு இடுப்பளவு இருக்கிற இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் சின்னவனுக்குத் தலை முழுகிவிடும். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். கைப்பட்டை மிதவை போட்டிருந்தாலும் அதே விதிதான். காற்றடைத்த வாத்து, மெத்தை, வளையம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காரணம் காற்று. நம் மீனவர்கள் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பது போல அந்தக் கரை மக்களும் வைத்திருக்கிறார்கள். கோடைப் பிற்பகலில் கடலிலிருந்து வருவது மாஎஸ்ட்ரால். இதமானது, சிற்றலை எழுப்பும். தென்கிழக்கிலிருந்து புழுக்கத்தோடு வருவது யூகோ. அலையும் கலங்கலும் அதன் வேலை. மலையிலிருந்து கடலை நோக்கி திடீரென்று பாய்வது பூரா. வானம் பளிச்சென்றிருக்கும், கரையோரத் தண்ணீர் அமைதியாகத் தெரியும், ஆனால் மிதவையில் இருக்கிற பிள்ளையைக் கண்மூடித் திறப்பதற்குள் ஆழத்துக்குத் தள்ளிப் போய்விடும். பியோகோவோவை ஒட்டிய ஊர்களில் இது பலமாகவே வீசும். பூரா அடிக்கிற நாளில் யாரும் கடலில் இறங்க வேண்டாம். கடலில் ஆபத்து என்றால் 195, மற்ற எதற்கும் 112. இரண்டையும் எல்லாருடைய போனிலும் போட்டு வையுங்கள்.

கடல் முள்ளெலி பற்றியும் யாராவது பயமுறுத்துவார்கள். கறுப்பாக, பந்து போல, உடம்பெல்லாம் முள்ளோடு பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும். உருளும் கூழாங்கல்லில் அதிகம் தங்காது, கரையின் இரண்டு ஓரங்களிலுமுள்ள பாறைகளில்தான் இருக்கும். பெரியவன் நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கேதான் போவான். ஷூ இல்லாமல் விடாதீர்கள். பாறையில் கை ஊன்றாதே என்றும் சொல்லுங்கள். குத்திவிட்டால் தோண்டக் கூடாது. வெளியே தெரிகிற முள்ளை இடுக்கியால் எடுத்துவிட்டு, பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் காலை அரை மணி நேரமாவது வைக்க வேண்டும். சூடு எவ்வளவு என்று பெரியவர்கள் கைவிட்டுப் பார்த்த பிறகே குழந்தையின் காலை வைக்க வேண்டும். ஆழமாக இறங்கிய முள், மூட்டுக்குப் பக்கத்தில் குத்திய முள் என்றால் டாக்டரிடம் போங்கள்.

உச்சி வெயிலைத் தவிர்த்துக் குளிப்பதுதான் சுகம். காலை எட்டு மணியிலிருந்து பத்தரை வரை ஒரு குளியல். பிறகு வீடு, சாப்பாடு, தூக்கம். மறுபடி மாலை ஐந்து மணிக்கு இறங்கலாம். செப்டம்பர் தொடக்கத்தில் ஏழேகால் வரை வெளிச்சம் இருக்கும்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். வீட்டில் சமையலறை இருக்கிறது. அரிசி, பருப்பு, புளி, பொடிகளைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். தயிரும் காய்களும் அங்கே தாராளம். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். வெளியே அத்தைக்கு ஏற்றது ப்ளித்வா: கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த மசியல், நம் வாய்க்கு உடனே பிடித்துப் போகும். பேக்கரியில் புரெக் வாங்கும்போது பாலாடைக்கட்டி வைத்ததா என்று கேட்டு வாங்குங்கள், இறைச்சி வைத்ததும் அதே உருவத்தில் பக்கத்திலேயே இருக்கும். உங்களில் மீன் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் சுட்ட மத்தி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். செப்டம்பரில் சந்தையில் அத்திப்பழமும் திராட்சையும் குவிந்திருக்கும்.

உங்கள் கணவர் ஆசைப்பட்ட ஸ்லாத்னி ராட், பிராச் தீவில் போல் என்ற ஊரை ஒட்டி இருக்கிறது. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் தக்கபடி அதன் நுனி வளைந்து வளைந்து உருமாறும். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் பிற்பகலில் அங்கே காற்று பலம், அதற்காகவே பாய் கட்டிய பலகையில் அலைமேல் சறுக்குகிற விண்ட்சர்ஃபிங்காரர்கள் வருகிறார்கள். நுனியில் நீரோட்டமும் உண்டு. மகார்ஸ்கா பக்கத்திலிருந்து காலையில் கிளம்பும் படகில் அவரும் பெரியவனும் போய்வரட்டும். அன்றைக்கு மற்றவர்களுக்கு ஓய்வு.

பயணம் 900 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம், அத்தையின் கால் வீங்கிவிடும். வழியில் ஸ்லோவேனியாவின் லியூப்லியானா பக்கம் ஓரிரவு தங்கிப் போங்கள். சனிக்கிழமைதான் அங்கே வீடுகள் கைமாறும் நாள். அன்று சுரங்கப்பாதைகளுக்கு முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வேறு நாளில் தொடங்கும் வாடகை கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் ஸ்பிளிட்டுக்குக் கோடையில் நேர் விமானம் இருக்கிறது, பெரியவர்களுடன் ஒருவர் அதில் போகலாம்.

கடைசியாக, இன்றைக்கே அத்தை, மாமாவின் பாஸ்போர்ட்டை எடுத்து விசாவைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியாவும், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. அதனால் ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசாவே போதும், செலவுக்கும் யூரோதான். ஆனால் பக்கத்திலுள்ள போஸ்னியா ஷெங்கனில் இல்லை. அங்குள்ள மோஸ்தார் பாலத்தை ஒரு நாளில் பார்த்துவரலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். விசாவில் ஒருமுறை நுழைவு என்று மட்டும் இருந்தால், போஸ்னியாவுக்குள் போன பெரியவர்கள் அதே விசாவில் திரும்பி வர முடியாது. தெற்கே டுப்ரோவ்னிக் நகரத்துக்குப் போக ஆசைப்பட்டாலும், போஸ்னியாவின் கடலோர ஊரான நெயும் வழியாகப் போகாமல், 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலத்தின் வழியே போங்கள். போஸ்னிய மண்ணை மிதிக்காமலே போய்விடலாம். ஷெங்கனுக்குள் என்றாலும் வழியில் எல்லைச் சோதனை நடக்கலாம், எனவே எல்லாருடைய பாஸ்போர்ட்டும், உங்கள் குடியிருப்பு அட்டைகளும், பெரியவர்களின் பயணக் காப்பீட்டுத் தாளும் ஒரே பையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். அந்தக் காப்பீடு குரோவேஷியாவிலும் செல்லுமா என்று அந்தத் தாளிலேயே பார்த்துவிட்டு, அதன் பிறகு வீட்டுக்கு முன்பணம் கட்டுங்கள்.