ஊசி போடத் தெரிந்தால் போதுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்களுக்கும் டைப் 1 சர்க்கரை நோய் என்று ஒரு கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு 9 வயதில் வந்தது. இப்போது 17. இன்னும் இரண்டு மாதத்தில் கல்லூரி, முதல் தடவையாக விடுதி வாசம். ஊசி நானே போட்டுக்கொள்வேன், சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரும் நானே மாட்டிக்கொள்வேன், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. ஆனால் அம்மாவுக்கு என்னை அனுப்பவே மனமில்லை. வீட்டிலிருந்து போய்வருகிற தூரத்தில் ஏதாவது கல்லூரி பார்க்கலாம் என்கிறார்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அங்கே எனக்குப் பெயரே 'சுகர்'தான். கல்லூரியில் என்னை யாருக்கும் தெரியாது. அங்கேயும் முதல் நாளே போய் இதைச் சொல்லத்தான் வேண்டுமா? யாருக்கும் தெரியாமலே ஓட்டிவிட முடியாதா? அப்புறம், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

க.
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள க.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

'ஊசி நானே போட்டுக்கொள்வேன், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை' என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியில் நின்றுவிட்டேன். விடுதிக்குக் கிளம்பும்போது நானும் கிட்டத்தட்ட இதையே சொல்லிவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. அப்போதெல்லாம் எனக்கு இன்சுலின் குப்பியும் சிரிஞ்சும்தான். குப்பியைத் தலைகீழாகப் பிடித்து இழுத்தால் காற்று வருகிறது. சாய்த்துப் பிடித்து இழுத்ததில் நாலு யூனிட் தேறியது. பெட்டிக்குள் இன்னொன்று இருக்கும் என்று துணியையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் தேடினேன். இல்லை. வீட்டில் ஒரு தடவைகூடக் குப்பி தீர்ந்துபோனதில்லை. ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் முட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் புதுசு ஒன்று இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று நான் யோசித்ததே கிடையாது.

காலையில் கடை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. அடங்காத தாகம், வாந்தி, வயிற்றுவலி. எதுவும் சாப்பிடவில்லையே, அப்புறம் எதற்கு ஊசி என்று முட்டாள்தனமான கணக்கு வேறு போட்டேன். மத்தியானம் வார்டனும் அறைத்தோழியும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் குனிந்து பார்த்தவர், என் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடிப்பதைக் கவனித்து, "இந்தப் பொண்ணுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். அறைத்தோழி கொஞ்சமும் தயங்காமல், "அதெல்லாம் இல்ல டாக்டர், நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்றாளாம். மூன்று வாரம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். அவள் மேல் என்ன தப்பு? நான்தான் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். நல்லவேளை, டாக்டர் அவள் பேச்சை நம்பாமல் விரலைக் குத்திப் பார்த்தார்.

கீட்டோஅசிடோசிஸ். உனக்குத் தெரிந்திருக்கும், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை கிடந்தாலும் உடம்பால் அதைப் பயன்படுத்த முடியாது. கொழுப்பை எரிக்கத் தொடங்கும், கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேரும், ரத்தத்தில் அமிலம் ஏறும். ஒரே நாளுக்குள் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். சாப்பிடாவிட்டாலும், வாந்தி எடுத்தாலும், சாப்பாட்டுக்கு என்றில்லாமல் நாள் முழுவதுக்குமாகப் போடுகிற அடிப்படை இன்சுலினை நிறுத்தக் கூடாது என்பது இதனால்தான். காய்ச்சல், வாந்தி வந்தால் எவ்வளவு போடுவது, எதைச் சாப்பிடுவது என்று உன் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போ. சர்க்கரை 250-க்கு மேலேயே நின்று உடம்பும் முடியாமல் இருந்தால் கீட்டோன் பார்க்க வேண்டும். ரத்தக் கீட்டோன் அளவு 3-ஐத் தொட்டால் யாரையும் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

வீட்டுக்கு வந்து படுத்திருந்த அந்த ஒரு வாரத்தில் அம்மாவிடம் கேட்டேன், "எனக்காக நீ என்னென்னதான் செஞ்சுக்கிட்டு இருந்தே?" அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்ன பெரிசா, ஒண்ணுமில்லையே" என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. புதுக் குப்பி திறந்த அன்று காலண்டரில் ஒரு புள்ளி வைப்பாளாம். சர்க்கரை பார்க்கிற ஸ்ட்ரிப் டப்பாவைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினால் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்துவிடுமாம். நான் ஓடியாடி விளையாடிவிட்டு வந்த நாளில் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து என் பின்கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாளாம். ஈரமாக இருந்தால் எழுப்புவாள். போர்வையைச் சரிசெய்ய வருகிறாள் என்றுதான் நான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

அவள் பார்த்தது சரிதான். நன்றாக உடற்பயிற்சி செய்த பிறகு 24 மணி நேரம்வரைகூட இன்சுலின் வழக்கத்தைவிட அதிகமாக வேலை செய்யும். சாயங்காலம் விளையாடியதற்கு ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கும்.

ஆகவே உனக்கு என் முதல் வேலை: இந்த வாரமே அம்மாவை உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேள். 'ஒண்ணுமில்லை' என்றால் விடாதே. வந்ததை எழுதி வை. அந்தப் பட்டியலில் ஊசி போடுவது ஒரு வரிதான் இருக்கும். மற்ற வரிகளை இந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாக உன் கைக்கு மாற்று. கடைசி மூன்று வாரம் அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள், "போட்டியா?" என்ற கேள்விகூடக் கூடாது. ஆபத்து என்றால் மட்டும் தலையிடலாம். அவருக்கு இது உன்னைவிடக் கஷ்டமாக இருக்கும். ஆனால் நீ மறந்ததையும் நீயே கண்டுபிடித்ததையும் அவர் கண்ணால் பார்த்தால்தான் அனுப்ப மனம் வரும். பக்கத்துக் கல்லூரியா தூரத்துக் கல்லூரியா என்பதை அதற்கு அப்புறம் பேசுங்கள். இந்தப் பட்டியல் கை மாறாவிட்டால் பக்கத்துக் கல்லூரியிலும் இதே கதைதான்.

இருப்புக் கணக்கில் எல்லோரும் சறுக்குகிற ஓர் இடம் இருக்கிறது. இன்சுலின் பேனா ஒன்றில் 300 யூனிட். சாப்பாட்டு வேளை இன்சுலின் ஒரு நாளைக்கு மொத்தம் 24 யூனிட் போடுகிறாய் என்று வைத்துக்கொள்வோம். 12 நாளுக்கு மேல் வரும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஊசி முனையில் சொட்டு வருகிறதா என்று பார்க்க 2 யூனிட் வெளியே விடுகிறாயே, மூன்று வேளைக்கு அது 6. ஆக நாளைக்கு 30. பேனா 10-வது நாளே முடிந்துவிடும். கடைசிப் பேனாவைத் திறக்கும்போது வாங்கலாம் என்றிருக்காதே. அதற்கு முந்தினதைத் திறக்கும்போதே சொல்லிவிடு. குப்பியும் சிரிஞ்சும் வைத்திருக்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில நாடுகளில் மில்லிக்கு 40 யூனிட் குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது, 100 யூனிட் குப்பியும் இருக்கிறது. 100 யூனிட் மருந்தை 40-க்கான சிரிஞ்சில் எடுத்தால் உடம்புக்குள் போவது இரண்டரை மடங்கு. புதுக் கடையில் வாங்கினால் லேபிளைப் படிக்காமல் கையை நீட்டாதே.

விடுதி ஃபிரிட்ஜ் ஒரு தனி உலகம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையக் கூடாது. உறைந்ததை உருக்கிப் போட்டுக்கொள்ளவும் கூடாது, குப்பைதான். அங்கே திருடுகிறவர்களைப் பற்றி எனக்குப் பயம் இல்லை. தன் தண்ணீர் பாட்டிலுக்கு இடம் பண்ண உன் டப்பாவை ஃபிரீஸருக்குள் தள்ளுகிற நல்லவர்களைப் பற்றித்தான் பயம். மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. திறந்த பேனா அறையிலேயே இருக்கலாம், பெரும்பாலானவை 28 நாள் தாங்கும். வெயில் விழுகிற ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. சொல்லத்தான் வேண்டுமா?

சொல்ல வேண்டும். ஊருக்கே இல்லை, நாலைந்து பேருக்கு. காரணம் இதுதான்: சர்க்கரை இறங்கும்போது முதலில் தடுமாறுவது மூளை. 'எனக்கு இறங்குகிறது' என்று கண்டுபிடிக்க வேண்டியதும் அதே மூளை. 65-இல் உனக்கே தெரியும். 45-இல் தெரியாமல் போகலாம். அந்த நேரத்துக்கு வேறு ஒரு ஜோடிக் கண் வேண்டும். வீட்டில் அது அம்மாவிடம் இருந்தது.

அடுத்த வருஷம் ஒருநாள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அதே அறைத்தோழி எதிரில். நான் எழுதுகிற பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன், கழற்றுகிறேன், மாட்டுகிறேன். பத்து நிமிஷமாக ஒரே பக்கம். அவள் குளுக்கோஸ் டப்பாவை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். எனக்கு வந்ததே கோபம். "நீ என்ன எங்க அம்மாவா?" என்று கத்தினேன். அவள் பதிலே சொல்லாமல் என் கையைப் பிடித்து விரலைக் குத்தினாள். 43.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம்: இவள் சண்டைக்கு வந்தால் முதலில் சுகர் பார். இதில் ஒரு தொல்லை உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நியாயமான கோபத்துக்கும் விரலை நீட்ட வேண்டியிருக்கும். என் உடுப்பைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு போனாள் என்று நான் குதித்தபோதும் மீட்டரைத்தான் கொண்டுவந்தாள்.

எப்படிச் சொல்வது? முதல் வாரத்தில், பெட்டியைப் பிரித்து அடுக்கும்போதே, சாதாரணமாக. "எனக்கு டைப் 1 சுகர் இருக்கு. தினமும் ஊசி போட்டுக்குவேன், பயப்படாதே. நான் வேர்த்து நடுங்கினாலோ சம்பந்தமில்லாம பேசினாலோ இந்த டப்பாவில் இருக்கிறதைக் கொடு. மயங்கிட்டா மட்டும் வாயில் எதுவும் ஊத்தாதே, ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடு. என் இன்சுலினை எடுத்து நீயா போட்டுடாதே." கடைசி வரியை விட்டுவிடாதே. சுகர் மயக்கம் என்றாலே இன்சுலின் போட வேண்டும் என்று நினைக்கிற நல்ல மனசுக்காரர்கள் நிறைய. டாக்டர், இறங்கிய சர்க்கரையை ஏற்றுகிற குளுக்ககான் ஊசியோ மூக்கில் அடிக்கிற மருந்தோ எழுதிக் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று காட்டி வை. இவ்வளவுதான், இரண்டு நிமிஷம். பள்ளியில் 'சுகர்' என்று பெயர் வைத்தது உன் வாயால் கேட்டவர்கள் இல்லை, பிறர் சொல்லக் கேட்டவர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை முதல் ஆளாக நீயே சொல்லு.

70-க்குக் கீழே போனால் என்ன செய்வது என்று உனக்குப் பாடமே இருக்கும்: 15 கிராம் சர்க்கரை, 15 நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்ப்பது. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். தனியாக இருக்கும்போது அந்த 15 நிமிஷம் ரொம்ப நீளம். பதற்றத்தில் டப்பாவையே காலி செய்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 300-ஐப் பார்த்து அழுதவர்கள் நாம் எல்லோரும்.

சென்சார் உன் போனோடு பேசுகிறது என்றால் பரீட்சை அறையில் சிக்கல் வரும், அங்கே போன் கூடாது என்பார்கள். டாக்டர் கடிதத்தோடு முதல் செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுத்துபூர்வமாக அனுமதி வாங்கு. மீட்டரும் குளுக்கோஸும் மேஜையில் இருக்கவும் சேர்த்தே கேள். பரீட்சைக்கு முந்தின நாள் போய் நின்றால் எந்த ஆபீசிலும் வேலை நடக்காது. பரீட்சைப் பயத்திலேயே சர்க்கரை ஏறுவதும் உண்டு, அதைப் பார்த்து மிரளாதே.

உன் அளவுகள் அம்மாவின் போனுக்கும் போகும் அல்லவா? அதை நிறுத்த வேண்டாம், ஆனால் கறாராகப் பேசிக்கொள். ஏறினால் அவருக்கு அலாரம் வேண்டாம், இறங்கினால் மட்டும் போதும். முதலில் ஒரு மெசேஜ். கால் மணி நேரம் பதில் இல்லை என்றால் போன். அதுவும் எடுக்கவில்லை என்றால் அறைத்தோழிக்கு. சென்சார் மாட்டிய கையை அழுத்திக்கொண்டு தூங்கினால் இறங்காத சர்க்கரையும் இறங்கியதாகக் காட்டும். இதை அவருக்கு இப்போதே புரியவை, இல்லாவிட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு வார்டன் கதவைத் தட்டுவார்.

குடியைப் பற்றி நீ கேட்கவில்லை. யாராவது நீட்டத்தான் செய்வார்கள், அதனால் ஒரு தகவல். கல்லீரல் மதுவைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரை விடும் வேலை தடைபடும். மறுநாள்வரைகூட இறங்கலாம். அப்படி விழுந்துகிடப்பவளைப் பார்த்தால் போதை என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுவார்கள்.

உனக்கும் யாராவது பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் வசீம் அக்ரமைச் சொல்லி உற்சாகப்படுத்தியிருப்பார்கள். 1997-இல், 30 வயதையொட்டி அவருக்கு டைப் 1 வந்தது, அதற்கப்புறமும் பல வருஷம் பந்து வீசினார். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் விடுதி ஃபிரிட்ஜைப் பற்றி அவரால் உனக்கு எதுவும் சொல்ல முடியாது.

என்ன எடுத்துப் போவது என்று கேட்டிருந்தாய். எதுவானாலும் இரண்டு இடத்தில் வை. இன்சுலினும் மீட்டரும் குளுக்கோஸும் கைப்பையில், கண்ணுக்கு எதிரில் பயணம் செய்யட்டும். சென்சார் இருந்தாலும் பழைய மீட்டரும் ஸ்ட்ரிப்பும் பெட்டிக்குள் போகட்டும்.

அம்மாவின் பட்டியலில் எத்தனை வரி வந்தது என்று எழுது. என் அம்மா சொன்னது 19. இருபதாவதாக ஒன்று இருந்தது என்றும், அது ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது என்றும் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அக்கா