வாசகர் கேள்வி – பதில்: பழைய ராணுவ உடையில் ஒரு விண்வெளிப் படை

கேள்வி: எதிர்காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட ஒரு நாடகத்தில் நாங்கள் ஆறு பேர் விண்கலப் படையினராக நடிக்கவிருக்கிறோம். புதுத் துணி எடுத்துத் தைக்காமல், உபரியாக விற்கப்படும் ராணுவ உடைகளையே மாற்றிச் சீருடையாக்க எண்ணுகிறோம். எவற்றை வாங்குவது? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நல்ல எண்ணம். தடித்த துணி, இரட்டைத் தையல், எளிதில் பழுதாகாத ஜிப், கையைத் தூக்கினாலும் இழுபடாத வெட்டு ஆகிய அனைத்தையும் புதிதாகத் தைத்துப் பெறுவதற்குத் தேர்ந்த தையற்காரர் வேண்டும். உபரி உடையிலோ இவை தைத்தபடியே கிடைக்கின்றன. ஆனால் அந்த உடை, தான் எந்தப் படைக்காக, ஏறக்குறைய எந்தக் காலத்தில் தைக்கப்பட்டது என்பதையும் பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். எனவே ஊசியை எடுக்கும் முன் தையல் பிரிக்கும் கருவியை எடுங்கள். பித்தளைப் பொத்தான், தோள்பட்டி, பை மூடி, மடித்த காலர் ஆகியவை நாம் அறிந்த ராணுவ உடையின் முகம் என்று சொல்லலாம். அவை போய்விட்டாலே அந்த உடை எந்த ஊருக்கும் சொந்தமில்லாததாகிவிடும். 1965இல் அமெரிக்கப் படையில் அறிமுகமான எம்-65 ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு பெரிய பைகளையும், காலருக்குள் சுருட்டி வைக்கப்படும் தலைமூடியையும் விட்டுவைத்தால், எத்தனை நட்சத்திரச் சின்னம் தைத்தாலும் அது எம்-65 ஆகத்தான் தெரியும்.

பைகளைப் பிரித்த இடத்தில் வெயில் படாத துணி, சுற்றியுள்ள துணியைவிட அடர்ந்த நிறத்தில் ஒரு கட்டமாகத் தெரியும். சாயம் போட்டாலும் அந்தச் சுவடு முழுதாக மறையாது. அதை மறைக்க முயன்று நேரத்தைச் செலவிடுவதைவிட, அதே இடத்தில் வேறு நிறத் துணியில் ஒரு பட்டையோ, தோளிலிருந்து இடுப்புவரை இறங்கும் ஒரு நீள்துண்டோ தைத்துவிடுவது மேல். அந்தத் துண்டே சீருடையின் வடிவமைப்பாகிவிடும்.

காலரில்தான் பொறுமை தேவை. மடிப்புக் காலரைப் பிரித்தபின் கழுத்து விளிம்பின் நீளத்தை அளந்து, முன்புறம் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கு 2 அல்லது 3 செ.மீ. சேர்த்து, தையலுக்கும் இடம் விட்டு, சுமார் 4 செ.மீ. உயரமுள்ள நிமிர்ந்த பட்டையாக வெட்டி, உள்ளே கேன்வாஸ் வைத்துத் தையுங்கள். பட்டையை நேராக வெட்டினால் அது கழுத்தைவிட்டு விலகிப் புனல்போல் நிற்கும். முன்முனைகள் இரண்டும் சற்று மேல்நோக்கி வளையுமாறு வெட்டினால்தான் கழுத்தோடு படியும். மார்பில் மடிப்புள்ள கோட்டாக இருந்தால் இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. காலரை எடுத்துவிட்டு, அந்த மடிப்பை ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்து தட்டையாக்கி, ஒரு பக்கத்தை மற்றதன்மேல் சாய்வாகக் கொண்டுவந்து தோளருகே பிரஸ் பட்டனால் பூட்டினால், பொத்தானே வெளியில் தெரியாத சாய்வு முன்புறம் கிடைத்துவிடும். பழைய பொத்தான் துளைகளைக் குறுகிய பட்டை ஒன்றால் மூடிவிடலாம்.

ஆறு பேருக்கும் ஒரே வகை உடையையே வாங்குங்கள். கூடுதலாக ஒன்றிரண்டும் வாங்கி வையுங்கள். பொத்தான் துளைகளை மூடும் பட்டைக்கும் காலருக்கும் துணி அவற்றிலிருந்துதான் வர வேண்டும், ஏனெனில் வெளுத்த பழந்துணியின் நிறத்துக்குப் பொருந்தும் புதுத்துணி எளிதில் கிடைப்பதில்லை. பருத்தி உடை வெந்நீரில் சுருங்கும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுப்பது நல்லது. பதவி வேறுபாட்டை உடையின் ஒரே இடத்தில், ஒரே முறையில் காட்டுங்கள். உதாரணமாக, காலர் முனையில் வீரருக்கு ஒரு கோடு, தலைவருக்கு மூன்று கோடு. தளபதிக்கு மட்டும் தங்கச் சரிகையும் மேலங்கியும் தரும் ஆசை எல்லா நாடகக் குழுக்களுக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் அவர் வேறொரு நாடகத்திலிருந்து வந்தவர்போல் நிற்பார். 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு உடை வடிவமைத்த ஜான் மோல்லோ, ராணுவச் சீருடைகளின் வரலாற்றை ஆழ்ந்து கற்றவர். (‘காந்தி’ படத்துக்காகப் பானு அதையாவுடன் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டவரும் அவரே.) கற்பனைப் படைக்கும் உண்மைப் படையின் ஒழுங்கு வேண்டும் என்பதை அவருடைய வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: வெவ்வேறு பச்சை நிறங்களில் கிடைத்த சட்டைகள் அனைத்துக்கும் ஒரே கறுப்புச் சாயம் போட்டேன். சில நன்றாகக் கறுத்தன. ஒன்று கத்தரிப்பூ நிறமாகிவிட்டது. எல்லாவற்றிலும் தையல் கோடுகள் மட்டும் பச்சையாகவே நிற்கின்றன. காரணம் என்ன?

பதில்: சாயத்தின் மீது குற்றமில்லை, இழைகள் வேறுபடுகின்றன. ராணுவ உடைகளில் தனிப்பருத்தி உண்டு; பருத்தியும் நைலானும் பாதிக்குப் பாதி கலந்தது உண்டு; பாலியெஸ்டர் கலந்ததும் உண்டு. பருத்திக்குச் சலவைச் சோடாவுடன் போடும் ரியாக்டிவ் சாயமும், கம்பளிக்கும் நைலானுக்கும் அமிலச் சாயமும், பாலியெஸ்டருக்குக் கொதிநிலையை ஒட்டிய வெப்பத்தில் ஏற்றும் டிஸ்பர்ஸ் சாயமும் பொருந்தும். கடையில் கறுப்பு என்று விற்கப்படுவது பெரும்பாலும் பல நிறங்களின் கலவை; அந்தக் கலவையில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்ட இழையே உங்களுக்குக் கத்தரிப்பூ நிறத்தைக் காட்டியிருக்கிறது. தையல் நூல் பாலியெஸ்டர் என்பதால் அதில் எதுவுமே ஏறவில்லை. அதை அப்படியே விட்டுவிடும்படி கூறுவேன். கறுப்புத் துணியில் ஓடும் பச்சைக் கோடு திட்டமிட்டுத் தைத்ததுபோலவே இருக்கும். பிடிக்காவிட்டால் துணிக்கு எழுதும் கறுப்பு மார்க்கரால் கோட்டைத் தீற்றிவிடலாம்.

அடுத்த முறை, உள்மடிப்பிலிருந்து சில இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையுடன் மெல்லிய சாம்பலானால் பருத்தி. மயிர் கருகும் நாற்றம் வந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் செயற்கை இழை. விமானிகள் அணியும் தீத்தடுப்பு முழு உடைகள் பலவும் நோமெக்ஸ் இழையால் ஆனவை. வீட்டில் போடும் சாயம் அவற்றில் சரிவர ஏறாது என்பதால் அவற்றின் நிறத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு வாங்குங்கள். நீர் ஒட்டாத பூச்சுள்ள துணியைச் சாயமிடும் முன் சோப்புத்தூளும் வெந்நீரும் கொண்டு நன்கு துவைத்தாக வேண்டும். புள்ளிப் பச்சை (கேமஃப்ளாஜ்) உடைகளைத் தவிர்த்துவிடுங்கள். கறுப்புக்கு அடியிலும் அந்தத் திட்டுகள் தெரியும். வெளுத்துப் பார்க்க நினைப்பவர், குளோரின் வெளுப்பான் கம்பளியையும் நைலானையும் அரித்துவிடும் என்பதையும், அதை வினிகருடனோ அம்மோனியாவுடனோ கலந்தால் நச்சுவாயு எழும் என்பதையும் மறக்கலாகாது.

கேள்வி: உடை தயாராகிவிட்டது, ஆனால் மேடையில் புத்தம் புதிதாக, பொம்மைக்கு உடுத்தியதுபோல் தெரிகிறது. கவசம் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: கவசத்தைவிட அழுக்கு அதிகம் உதவும். முழங்கால், முழங்கை, கைவிளிம்பு, பை வாய், இடுப்புப் பட்டை உரசும் இடம் ஆகியவற்றை உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். திரைப்படத்தாரும் இத்தகைய வேலைக்கு முல்தானி மட்டியைப் பயன்படுத்துவதுண்டு. உடை முழுவதும் ஒரேயளவாகப் பூசினால் அது அழுக்காகத் தெரியாது, மங்கலான சாயமாகத்தான் தெரியும். கவசம் வேண்டுமென்றே இருந்தால் 10 மி.மீ. ஈ.வி.ஏ. எனப்படும் மெத்தென்ற பிளாஸ்டிக் நுரைத்தகட்டில் மார்புக்கும் தோளுக்கும் மட்டும் செய்யுங்கள். வண்ணம் பூசும் முன் வெப்பக்காற்றுக் கருவியால் அதன் மேற்பரப்பை மூடிவிடாவிட்டால் நுரை வண்ணத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். துணியோடு ஒட்டாமல் வார் வைத்துக் கட்டினால் உடையைத் துவைக்கலாம்.

கேள்வி: இத்தகைய உடையில் தெருவில் நடந்து போவது சட்டப்படி சரியா?

பதில்: பணியிலுள்ள படைவீரர் என்று பிறர் நம்பும்படி உடுத்துவது பல நாடுகளில் குற்றம், பார்படோஸ் போன்ற சில நாடுகளில் பொதுமக்கள் புள்ளிப் பச்சைத் துணியையே அணியக் கூடாது. உண்மையான படைச்சின்னம், பெயர்ப்பட்டி, பதக்கம் ஆகியவற்றில் ஒன்றுகூட மிஞ்சாமல் எடுத்துவிடுங்கள். விளையாட்டுத் துப்பாக்கியை இடுப்பில் தொங்கவிட்டபடி வெளியே போகாமல், உறையிட்ட பையில் கொண்டுபோய், அரங்கினுள் பொறுப்பாளரிடம் காட்டிவிட்டு எடுங்கள்.