நிலத்தை அடமானம் வைக்காதீங்க, மகள் கேட்ட சட்டத்தையே படிக்கட்டும்

பாலக்கோட்டிலிருந்து எழுதியிருக்கும் ஐயா, மகள் பிளஸ் டூ வணிகவியல் முடிச்சுட்டு சட்டம் படிக்கணும்கிறா. மச்சான் பெங்களூரில் பி.பி.ஏ. மேனேஜ்மென்ட் சீட் பேசி வெச்சிருக்கார். உங்க கவலை புரியுது. ஆனா அந்த சீட்டுக்காக ஒண்ணரை ஏக்கரை அடமானம் வைக்கக் கூடாது. வட்டி கட்டப் போறது மச்சான் இல்லை, நீங்க.

தருமபுரியிலேயே 2017 முதல் அரசு சட்டக் கல்லூரி இருக்கு. ஐந்தாண்டு படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மார்க்தான் கணக்கு. படிச்சு முடிச்சதும் வக்கீலாகப் பார் கவுன்சிலில் பதிவு செய்ய 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதுன்னு 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125.

கிரிமினல், சிவில் பற்றி ஊரே சொல்லும். தொழிலாளர் வழக்குகளில் கம்பெனி நிர்வாகத்துக்கு வக்கீலா இருக்கிற நிர்வாகத் தரப்புத் தொழிலாளர் சட்டத்தைப் பற்றி யாரும் சொல்றதில்லை. ஓசூர் சிப்காட்டை வெச்சுக்கிட்டு இதை விடலாமா?

உதாரணத்துக்கு, மேஸ்திரியை அடிச்சதா ஒரு தொழிலாளி மேல புகார். குற்றச்சாட்டு மெமோவில் தேதி, நேரம், இடம், நிலையாணை (கம்பெனியின் நடத்தை விதிகள்) பிரிவு எல்லாம் இருக்கணும். "ஒழுங்கீனமாக நடந்தீர்" என்று மட்டும் எழுதினா நிக்காது. விசாரணை அதிகாரி அந்தச் சம்பவத்துக்குச் சாட்சியா இருக்கக் கூடாது. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தொழிலாளிக்கு வாய்ப்புக் கொடுக்கணும். தண்டனைக்கு முன்னாடி விசாரணை அறிக்கை நகல் அவர் கைக்குப் போகணும். இதில் ஒண்ணு தவறினாலும் உள்விசாரணையே செல்லாதுன்னு ஆகலாம்; அப்புறம் நிர்வாகம் கோர்ட்டில் முதலிலிருந்து நிரூபிக்கணும், வேலையில் இல்லாத காலத்துச் சம்பளமும் தலையில் ஏறும்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறையில் இருக்கு. அதன்படி சஸ்பெண்ட் ஆனவருக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அப்புறமும் விசாரணை இழுத்தா, தாமதம் அவரால் இல்லைன்னா, 75 சதவீதம். வேலையை விட்டு நீக்கினா இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்கணும். பழைய வக்கீலும் இதைப் புதுசாத்தான் படிச்சாகணும்.

தொழில் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு சம்மதமும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் இல்லாம வக்கீல் ஆஜராக முடியாது. அதனால வேலையில் பெரும்பங்கு ஃபைலிலும் ஆலோசனையிலும்தான். சொந்தக்காரங்க பயப்படுற மாதிரி கோர்ட் வாசலில் காத்துக் கிடக்கிற பிழைப்பு இல்லை. "இந்த நீக்கம் செல்லாது, கையெழுத்துப் போடாதீங்க" என்று முதலாளியிடம் முகத்துக்கு நேரே சொல்றதும் இந்த வக்கீல்தான். நிர்வாகத்துக்கு வக்கீலா இருக்கிறதில் பாவம் எதுவும் இல்லை.

ஆரம்ப வருஷங்களில் வருமானம் குறைவு, அதை இப்பவே கணக்கில் வைங்க. மகளுக்குத் தொழிலாளி பக்கம் நிக்கத் தோணினா தடுக்காதீங்க, படிக்கிற சட்டம் ஒண்ணுதான்.

மார்க் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரியா இருந்தா அந்தச் சான்றிதழ், நாலையும் இந்த வாரமே எடுத்து வைங்க. அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழக அறிவிப்பு வந்ததும் மகளே விண்ணப்பத்தை நிரப்பட்டும்.