அதே பத்து யூனிட், இரண்டு மடங்கு மருந்து

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன், வயது 46. எடை குறைய, ஆன்லைனில் ஒரு காம்பவுண்டிங் ஃபார்மசி (மருந்தைத் தாங்களே கலந்து தயாரிக்கும் கடை) தயாரித்த செமாகுளூடைட் ஊசி மருந்தை வாங்கி வாரம் 10 யூனிட் போட்டுக்கொள்கிறேன். புதுக் குப்பியில் அதே 10 யூனிட் போட்டதும் இரண்டு நாளாக வாந்தி. பழைய குப்பியில் ஒரு மி.லி.க்கு 2.5 மி.கி. என்றும் புதியதில் 5 மி.கி. என்றும் இருக்கிறது. செமாகுளூடைட்டின் பிராண்ட் மருந்தான வெகோவியும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: முதலில் வாந்தியைப் பார்ப்போம். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, தலை சுற்றுகிறது, மேல்வயிற்று வலி முதுகுவரை பரவுகிறது என்றால், இதை மேலே படிக்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். அதை முறிக்கும் மருந்தும் கிடையாது. அறிகுறிகள் லேசாக இருந்தாலும் 1-800-222-1222 என்ற விஷ முறிவு உதவி எண்ணை இன்றே அழையுங்கள்.

சரி, என்ன நடந்தது? இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட் என்பது 0.1 மி.லி. திரவம், அவ்வளவுதான். அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைக் குப்பிதான் சொல்லும். பழையதில் 0.25 மி.கி., புதியதில் 0.5 மி.கி. உங்கள் மேல் தப்பில்லை; குப்பியை மாற்றி அனுப்பியவர்கள் சொல்லியிருக்க வேண்டும். 5 முதல் 20 மடங்குவரை கூடுதலாகப் போட்டுக்கொண்டவர்களைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-லேயே எச்சரித்தது. வெகோவி பேனாவில் அளவு முன்கூட்டியே நிரப்பப்பட்டிருப்பதால் இந்தக் கணக்கே வராது.

அப்புறம், இரண்டும் ஒன்றல்ல. காம்பவுண்டிங் மருந்தின் பாதுகாப்பு, தரம், பலன் எதையும் விற்பனைக்கு முன் எஃப்.டி.ஏ. சோதிப்பதில்லை. காம்பவுண்டிங்கே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரு மருந்தில் உள்ள சாயம் ஒத்துக்கொள்ளாத நோயாளிக்கு அது பெரிய உதவி. தட்டுப்பாட்டுக் காலத்தில் செமாகுளூடைட்டையும் அப்படித் தயாரிக்க இடம் இருந்தது. தட்டுப்பாடு தீர்ந்ததாக 2025 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அறிவித்தது, கொடுத்த அவகாசமும் அந்த மே மாதத்தோடு முடிந்தது. இப்போது வைட்டமின் பி12 சேர்த்து, 'உங்களுக்கென்றே தயாரித்தது' என்று விற்கிறார்கள். அந்தச் சேர்க்கை உங்களுக்கு ஏன் தேவை என்று எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டிய பொடியைத் தொடவே வேண்டாம்.

அந்த ஃபார்மசிக்கு உரிமம் இருக்கிறதா என்பதை உங்கள் மாநில ஃபார்மசி வாரியத்தில் பார்க்கலாம். இனி யாரிடமும் யூனிட்டில் மட்டும் பேசாதீர்கள், எத்தனை மி.கி. என்று கேளுங்கள்.

அடுத்த ஊசியை டாக்டரிடம் பேசும்வரை போடாதீர்கள். இரண்டு குப்பிகளையும் எடுத்து வையுங்கள். நடந்ததை எஃப்.டி.ஏ.வின் பக்கவிளைவுப் புகார்ப் பதிவான மெட்வாட்ச்சில் நீங்களே பதிவு செய்யுங்கள். இத்தகைய ஃபார்மசிகள் பல, பக்கவிளைவுகளை எஃப்.டி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயத்தில் இல்லை.